எதிர்ச்சாரிக்குக் கடை மாற்ற நாலு மாதம்

காட்பாடி காந்திநகரில் 11 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறோம் என்று ஓனர் சொன்னதும், நேர் எதிரே ஒரு கடை பிடித்தேன். ரோட்டைத் தாண்டி எண்ணினால் நாற்பது தப்படிதான். ஆனால் நம் லைசென்ஸ் ஆளுக்கு மட்டுமல்ல, இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. இடம் மாறினால் புது லைசென்ஸ்தான். அது கைக்கு வரும்வரை அங்கே ஒரு பாராசிட்டமால்கூட விற்க முடியாது. ஆக, நாலு மாதம் இரண்டு வாடகை.

பார்மசிஸ்ட் நானே, சான்றிதழில் சிக்கல் இல்லை. ஆன்லைனில் விண்ணப்பம் ஏற்றும் வேலையும் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. மாட்டியது கதவு எண்ணில். வாடகை ஒப்பந்தத்தில் பழைய எண், சொத்து வரி ரசீதில் புது எண். விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போனால், “ரெண்டும் ஒரே கடைன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?” என்றார் எழுத்தர். சரி, நியாயம்தான். என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டால், “அதான் சொன்னேனே” என்று மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். மூன்றாம் தடவை போனபோது பக்கத்து மேஜை அம்மாதான், “ரெண்டு எண்ணையும் போட்டு ஒப்பந்தத்தைத் திருப்பி எழுதிட்டு வாங்க தம்பி” என்று ஒரே வரியில் முடித்தார். பார்மசிஸ்ட் இல்லாமல் கடை திறக்கக் கூடாது என்பதால் மூன்று அரைநாளும் ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் அலைந்தேன்.

அடுத்தது அளவு. சில்லறை விற்பனைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் வேண்டும் என்பது நமக்கெல்லாம் தெரியும். புரோக்கர் 12-க்கு 9 அடி என்றார். கணக்குப் போட்டால் 108 சதுர அடி, 10 சதுர மீட்டரை மயிரிழையில் தாண்டுகிறது. நம்பி ரேக் அடித்துவிட்டேன். டிரக் இன்ஸ்பெக்டர் (மருந்து ஆய்வாளர்) வந்து டேப்பை உள்சுவரிலிருந்து உள்சுவருக்குப் பிடித்தார். 11 அடி 9 அங்குலம், 8 அடி 10 அங்குலம். 9.64 சதுர மீட்டர்! புரோக்கர் சுவரின் கனத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார். வாடகை பேசும் முன்பே நீங்களே டேப் எடுத்துக்கொண்டு போய் உள்ளளவு எடுங்கள். கடைசியில் பின்னால் இருந்த சாமான் அறையின் குறுக்குச் சுவரை இடித்து, புதிதாகப் பிளான் வரைந்து கொடுத்தேன். அதற்குப் புதுக் கடை ஓனரைச் சம்மதிக்க வைத்தது தனிக் கதை.

இதுவரை எல்லாம் அடுத்தவர் மேல் கோபம். பிரிட்ஜ் விஷயத்தில் அப்படிச் சொல்ல வழியில்லை. “தெர்மாமீட்டர் எங்கே?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பிரிட்ஜ் சில்லென்று இருந்தால் போதாதா என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்றார். பதில் இல்லை. மறுநாள் இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, பழைய கடை பிரிட்ஜில் ஒன்றை நடுத்தட்டிலும் ஒன்றைப் பின்சுவர் ஓரத்திலும் வைத்தேன். நடுவில் 5. பின்னால் பூஜ்யத்துக்குக் கீழே 1. அங்கேதான் இன்சுலின் அடுக்கியிருந்தேன். ஒரு டப்பாவை எடுக்கப் போனால், அட்டை பனியோடு சுவரில் ஒட்டிக்கொண்டு, பிய்த்தபோது அடிப்பக்கம் கிழிந்து வந்தது. உறைந்த இன்சுலின் உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது, படித்த பாடம்தான். அங்கிருந்த ஆறு இன்சுலின் கார்ட்ரிட்ஜையும் ஒதுக்கினேன். நஷ்டம் என் கணக்கில். அதற்கு முன் எத்தனை பேருக்கு அந்த மூலையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

இப்போது காலையும் மாலையும் டிகிரி எழுத ஒரு நோட்டு. வேலூர் வெயிலில் கரண்ட் போய் வந்தால் கூடுதலாக ஒரு தடவை. பின்சுவரில் எதுவும் படாமல் ஒரு கம்பித் தடுப்பு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் முறை இன்ஸ்பெக்டர் வந்தபோது நோட்டை நானே நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். காலாவதி மருந்துக்குத் தனிப் பெட்டி, அதன்மேல் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற சீட்டு, சில ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளை யாருக்கு விற்றோம் என்று எழுதும் ஹெச்1 ரிஜிஸ்டர், எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: பாதி அட்டை மாத்திரை கொடுக்கும்போது எந்தப் பக்கம் வெட்டுவீர்கள்? பேட்ச் நம்பரும் எக்ஸ்பைரியும் உள்ள பாதி கடையில் நிற்கும், வாங்குபவருக்கு அவை பில்லில் இருக்கும் என்றேன். தலையசைத்தார்.

ஏப்ரல் கடைசியில் லைசென்ஸ் வந்தது. புதுக் கடை ஓனர் மட்டும், காலி பண்ணும்போது அந்தக் குறுக்குச் சுவரைத் திரும்பக் கட்டித் தரவேண்டும் என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டார்.