மூண்டு நாள் பார்சல் இல்லை

வெள்ளிக்கிழமை இரவு ஏழரை போல மகளின்ர டான்ஸ் கிளாஸ் முடிஞ்சு வெள்ளவத்தை காலி வீதியால நடந்து வந்துகொண்டிருக்கிறம், ஒரு கடைக்கு முன்னால பிள்ளை டக்கெண்டு நிண்டுட்டா. உள்ளுக்க இருந்து டக் டக் டகடக எண்டு சத்தம். "அப்பா, உள்ள என்னத்தப் போட்டு உடைக்கினம்?" உடைக்கேல்லை அம்மா, கொத்துப் போடினம் எண்டன். என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா. ஏழு வயசு. அநேகமா ஒவ்வொரு வெள்ளியும் கொத்துச் சாப்பிடுற பிள்ளை, ஆனா அவ கண்ட கொத்து எப்பவும் கீழ செக்யூரிட்டி அண்ணையிட்ட இருந்து லிஃப்டில ஏறி வாற ஒரு பெட்டி. அந்தச் சத்தத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் இருக்கெண்டு அவவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை.

அது மனசில சரியாக் குத்திப்போட்டுது. 2020இல ஊரடங்கு நேரம் போனில ஓடர் பண்ணத் தொடங்கினனாங்கள், அப்ப வேற வழி இல்லை. பிறகு 2022இல பொருளாதார நெருக்கடி வந்துது, காஸும் இல்லை பெற்றோலும் இல்லை, சின்னக் கடையள் கனக்கப் பூட்டிக் கிடந்தது, போய் இருந்து சாப்பிடுறதெண்ட நினைப்பே இல்லாமப் போச்சு. எல்லாம் ஒருமாதிரிச் சரிவந்த பிறகும் ஓடர் பண்ணுற பழக்கம் மட்டும் வீட்டில தங்கிட்டுது. மனிசியும் நானும் ரெண்டு பேரும் வேலைக்குப் போறனாங்கள், களைச்சு வந்து இருந்தா போனை எடுக்கத்தான் கை போகும். அந்த இடத்திலயே நிண்டு மனிசிக்குக் கோல் எடுத்தன், கீழ இறங்கி வாங்கோ, ஞாயிறு இரவு வரைக்கும் பார்சல் இல்லை, எங்க சாப்பிடுறதெண்டாலும் போய் இருந்துதான் சாப்பிடுறம் எண்டு.

கொத்துப் போடுற இடம் வாசலுக்குப் பக்கத்திலதான் இருந்தது, அதால மகளைத் தூக்கிக் காட்டினன். இரும்புக்கல்லில எண்ணெய் விட்டு வெங்காயம், லீக்ஸ், கரட், பச்சைமிளகாய், கருவேப்பிலை, அதுக்கு மேல ரெண்டு முட்டை உடைச்சு ஊத்தி, கீலம் கீலமா வெட்டி வச்ச வீச்சு ரொட்டியக் கொட்டி, கோழிக் குழம்பு ஒரு அகப்பை விட்டு, பிறகு ரெண்டு கையிலயும் ரெண்டு இரும்புத் தகட்டை எடுத்து அந்த அண்ணை தொடங்கினார் பாருங்கோ. கொத்திறதாலதான் அதுக்குக் கொத்துரொட்டி எண்டு பேர், கிழக்குப் பக்கம் மட்டக்களப்பு திருகோணமலையில இருந்துதான் வந்ததெண்டு சொல்லுவினம், இப்ப சிங்கள ஆக்களும் அதைக் கொத்து எண்டு எங்கட சொல்லாலதான் சொல்லுறவை. நான் பெடியனா இருக்கேக்க ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு தாளம் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எந்தக் கடையெண்டு சொல்லலாம். இந்த அண்ணை நாலு தரம் கொத்திப்போட்டு ஒருக்கா தகட்டைக் கல்லில இழுப்பார், அந்தக் கிரீச் சத்தத்துக்கு மகள் ஒவ்வொரு தரமும் தோளைக் குறுக்கினா.

லஞ்ச் ஷீட் விரிச்ச பிளேட்டில ஆவி பறக்க வந்துது. இவ்வளவு நாளும் நாங்கள் பெட்டியில சாப்பிட்டதும் இதே கொத்துதான், அனேகமா இதே கடைக் கொத்தாயும் இருக்கும், ஆனா பெட்டியில வரேக்க மூடிக்குள்ள ஆவி அடைபட்டு ரொட்டி வேர்த்து ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போடும். இங்க கல்லில பட்ட துண்டுகள் அங்கங்க முறுகி இருந்தது, குழம்பு ஊறின துண்டு வேற, முறுகின துண்டு வேற, ஒவ்வொரு வாய்க்கும் வேற வேற மாதிரி. மனிசி இறைச்சித் துண்டை விட்டிட்டு அந்த முறுகலைத்தான் தேடித் தேடி எடுத்தா.

எல்லா இடமும் இப்பிடி நல்லா இருக்கேல்லை, அதையும் சொல்லோணும். சனி இரவு போன ஒரு கடையில, பேர் வேண்டாம், மேசையில இருந்து முக்கால் மணித்தியாலம் காத்திருந்தனாங்கள். கவுன்டரில ஓடர் டப்லட் டிங் டிங் எண்டு அடிச்சுக்கொண்டே இருக்கு, ஏழெட்டு ரைடர்மார் ஹெல்மெட்டோட நிக்கினம், கட்டுறதெல்லாம் பெட்டிக்குத்தான் போகுது. இருந்து சாப்பிட வந்த ஆளைத் திரும்பிப் பாக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. கோவம் வந்தது, ஆனா அந்த ரைடர்மாரில இல்லை, அதுகளும் பாவம் எங்களைப் போலத்தான் காத்துக்கொண்டு நிண்டதுகள். ஒரு கடைக்காரருக்கு முன்னால இருக்கிற மனிசரை விட ஸ்கிரீனில இருக்கிற ஓடர் பெரிசாப் போனா அந்தக் கடையில என்ன மிச்சம் இருக்கும் எண்டுதான் எனக்குக் கவலை.

அதே சனி விடிய போன பம்பலப்பிட்டி சைவக்கடையை இதோட வச்சுப் பாத்தா விளங்கும். நாங்கள் இருந்த உடன கேக்காமலே ஒரு தட்டு நிறைய உளுந்து வடையும் கடலை வடையும் கொண்டுவந்து மேசையில வச்சிட்டுப் போயிட்டார். மகள், "அப்பா நாங்கள் இவ்வளவு கேக்கேல்லையே" எண்டு பயந்துபோனா. வேண்டினதை எடுக்கலாம், மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோவினம், எடுத்ததுக்கு மட்டும் காசு எண்டு சொல்லிக் குடுத்தன். கடைசியில அவர் வந்து தட்டைப் பாக்கேல்லை, "எத்தினை வடை?" எண்டு எங்களைத்தான் கேட்டார், நாங்கள் மூண்டு எண்டம், மூண்டு எண்டு எழுதினார். இது கொழும்பில சைவக்கடையில மட்டும் இல்லை, ரோல்ஸ், பட்டிஸ் விக்கிற முஸ்லிம் ஹோட்டலிலயும் இதே பழக்கம்தான், எத்தினையோ வருசமா ஓடுது. போனில இருக்கிற எந்த ஆப்பும் என்னை இப்பிடி நம்பினதில்லை.

மத்தியானம் லம்ப்ரைஸ். இதில மனிசிக்கும் எனக்கும் வாக்குவாதம். "இது பார்சல்தானே, பிறகேன் வெயிலுக்க இழுத்துக்கொண்டு போறியள்?" எண்டா. அவ சொன்னதில நியாயம் இருக்கு. ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியரின்ர சாப்பாடு அது, பேரே ஒல்லாந்தச் சொல்லில இருந்து வந்தது. இறைச்சி அவிச்ச தண்ணியில சோறாக்கி, கலப்பு இறைச்சிக் கறி, ஃப்ரிக்கடெல் எண்ட இறைச்சி உருண்டை, கத்தரிக்காய்ப் பொரியல் கறி, சீனிச்சம்பல், கூனிறாலில செய்யிற பிளாச்சான், எல்லாத்தையும் வாழையிலையில கட்டி அவணில வச்சு எடுக்கிறது. அதாவது பொதி கட்டின பிறகுதான் அந்தச் சாப்பாடு முடியுது. மற்றச் சாப்பாடெல்லாம் பொதிக்குள்ள கெட்டுப்போகும், இது பொதிக்குள்ளதான் ருசி பிடிக்கும். அதால லம்ப்ரைஸை மட்டும் வீட்டுக்கு எடுக்கலாம் எண்டு நான் ஒத்துக்கொண்டன், ஆனா அண்டைக்கு இருந்துதான் சாப்பிட்டனாங்கள். 1908இல தொடங்கின பறங்கியரின்ர சங்கம், டச்சு பேர்கர் யூனியன், தும்முல்லைப் பக்கம் இருக்கு, அந்த வழியா ஓட்டோவில போகேக்க மகளுக்கு அந்தக் கட்டிடத்தைக் காட்டி, இந்தச் சாப்பாட்டை எங்களுக்குத் தந்த ஆக்களின்ர இடம், இப்ப ஊரில கொஞ்சப் பேர்தான் இருக்கினம், கனபேர் அவுஸ்திரேலியாவுக்குப் போயிட்டினம் எண்டன். "எங்கட மாமா ஆக்கள் கனடாவுக்குப் போன மாதிரியா?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். இலையைப் பிரிக்கேக்க வந்த அந்தக் கருகின வாழையிலை வாசம் இப்பவும் மூக்கில நிக்குது. பில்லில 18 வீதம் வற் வரியும் 10 வீதம் சேர்விஸ் சார்ஜும் சேர்ந்து வந்ததைப் பாத்திட்டு மனிசி ஒண்டும் சொல்லேல்லை.

பின்னேரம் காலிமுகத்திடல். இறால் வடை, காத்து, பட்டம். அங்க ஒரு பழைய கல்வெட்டு இருக்கு, ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல தொடங்கி 1859இல முடிச்ச நடைபாதை, கொழும்புப் பெண்களுக்காகவும் பிள்ளையளுக்காகவும் பின்னால வாற ஆளுநர்மார் இதைப் பாத்துக்கொள்ளோணும் எண்டு எழுதி வச்சிருக்கு. எனக்கு அந்த ஒரு வரி சரியான விருப்பம். மகள் முழு இறாலோட இருக்கிற வடையை வெங்காயமும் மிளகாய்ச் சோசும் போட்டு உறைக்க உறைக்கச் சாப்பிட்டுக்கொண்டு ஓட, மனிசி செருப்பைக் கழட்டிப்போட்டு இருந்தா.

ஞாயிறு மத்தியானம் மெரின் டிரைவ் பக்கம் யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடையில கூழ். இதைப் பற்றி எனக்கு நிறையக் கதைக்கோணும். ஒடியற்கூழ் எண்டுறது பச்சைப் பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவிட்டு இடிச்ச மாவில செய்யிறது, அந்த மா கசக்கும், தண்ணியில ஊறவிட்டு வடிச்சு வடிச்சு அந்தக் கசப்பை எடுக்கோணும், இதைச் செய்யப் பஞ்சிப்பட்டா கூழ் முழுக்கக் கெட்டுப்போகும். நண்டு, இறால், கணவாய், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளி, செத்தல்மிளகாய் அரைச்சது, எல்லாம் ஒரு பெரிய பானைக்குள்ள. ஊரில அம்மம்மா வீட்டு முத்தத்தில பானையைச் சுத்தி எல்லாரும் இருப்பம், பனையோலையில கோலின பிளாவை நீட்டினா அகப்பையால ஊத்துவா, ஓலையின்ர வாசமும் கூழின்ர சூடும் சேர்ந்து தொண்டைக்குள்ள இறங்கும். ஒருக்கா கொழும்பில இதை டிலிவரியில எடுத்தனான். பிளாஸ்டிக் கோப்பையில வந்துது, வரேக்கயே மேல ஆடை படிஞ்சு களி மாதிரி இறுகிட்டுது, நண்டுக்கால் அதுக்குள்ள புதைஞ்சு கிடந்தது, சாப்பிட மனசு வரேல்லை. இந்தக் கடையில பிளா கேட்டன், இருக்கெண்டு தந்தவை. மகளுக்கு உறைப்புத் தாங்கேல்லை, கண்ணால தண்ணி ஓடுது, ஆனா பிளாவை விடமாட்டன் எண்டு ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு இருந்தா, பலாக்கொட்டையை மட்டும் விரலால கிண்டி எடுத்துச் சாப்பிட்டா. பக்கத்து மேசையில இருந்த வயசான அம்மா ஒராள் "இனிப்பா ஏதும் குடுங்கோ பிள்ளைக்கு" எண்டு தன்ர கைப்பையில இருந்து பனங்கட்டித் துண்டு ஒண்டு எடுத்துத் தந்தா, பிறகு எந்த ஊர் எண்டு கேட்டு அரை மணித்தியாலம் கதை.

கடைசியா ஞாயிறு இரவு அப்பம். எங்கட ஒழுங்கை முனையில பின்னேரத்தில மட்டும் திறக்கிற சின்னக் கடை, ஆறு அப்பச்சட்டி வரிசையா அடுப்பில. 2022இல காஸ் இல்லாம அந்த அண்ணை கிழமைக்கணக்கில பூட்டி வச்சிருந்தவர், பிறகு விறகில கொஞ்ச நாள் சுட்டவர், தேங்காய் ஒண்டு 200 ரூபாயைத் தாண்டின நேரத்திலயும் பாலில தண்ணி கூட்டேல்லை, அது நாக்குக்குத் தெரியும். மகளை முன் வாங்கில இருத்தினன். ஒரு அகப்பை மா ஊத்தி, சட்டியை ரெண்டு காதிலயும் பிடிச்சு ஒரு சுழட்டு, மா ஓரத்தில ஏறி மெல்லிசா ஒட்டும், நடுவில திரும்பி வந்து தேங்கும், மூடி போட்டா அந்த நடுப்பகுதி ஆவியில வேகும். பாலப்பத்துக்கு நடுவில தலைப்பால் ஒரு கரண்டி. மூடியைத் திறக்கேக்க ஓரம் சட்டியை விட்டுக் கழருற சின்னச் சத்தம் ஒண்டு வரும், காதைக் கிட்டக் கொண்டுபோனாத்தான் கேக்கும். மகள் கேட்டா. சுட்டதை அப்பிடியே கோப்பையில வைக்க, அவ ஓரத்தை உடைச்சா, மொறுக் எண்டு உடைஞ்சுது. வீட்டில அவ சாப்பிட்ட அப்பம் எல்லாம் துணி மாதிரித் தொங்கினது, அவவுக்கு அப்பத்தின்ர ஓரம் உடையும் எண்டே தெரியாது.

"ஏன் அப்பா வீட்ட வரேக்க இப்பிடி இல்லை?" நடுவில இருக்கிற ஈரம் ஆவியா ஓரத்துக்குப் போயிடும் அம்மா, மூடி வச்சா அஞ்சு நிமிசம்தான், அதுக்குப் பிறகு மொறுமொறுப்பு இருக்காது எண்டன். அவ கட்டச்சம்பலைத் தொடாம வெறும் ஓரமாவே மூண்டு அப்பம் சாப்பிட்டா, நடுப்பகுதியெல்லாம் எனக்கு வந்துது.

கை கழுவிப்போட்டு வெளிய வர, ஒரு ரைடர் தம்பி மோட்டச்சைக்கிள் பெட்டிக்குள்ள அப்பப் பார்சலை வச்சுக்கொண்டிருந்தார். மகள் என்ர கையை விட்டிட்டு அவருக்குக் கிட்டப் போய், "அங்கிள், கெதியாப் போங்கோ, அஞ்சு நிமிசம்தான் இருக்கு" எண்டா. அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டு அவவைப் பாத்து, "கல்கிசைக்கெல்லோ மகள் போகோணும்" எண்டார்.