நாலு மணி நேரம் சரி, மெத்தை எங்கே?

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள ஆராய்ச்சி சொல்வதை எங்கள் வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவரப் பட்ட பாட்டை எழுதுகிறேன், இதே வேலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும். மேட்ரன் சம்மதம், பயிற்சி எல்லாம் சுலபமாகவே முடிந்தன. உயிரை எடுத்தது மெத்தையும், திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட்டும்தான்.

2013-ல் வெளிவந்த டர்ன் ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 27 நர்சிங் ஹோம்கள், 942 பேர். புண் வரும் அபாயம் உள்ளவர்களை 2, 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை மீட்டிங்கில் சொன்னதும் முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ நாலு மணி நேரம் போதும்னு அவங்களே சொல்லிட்டாங்களே மிஸ்ஸி, ராத்திரிக்கு இருக்கிற ஆள் போதும்." அந்த 942 பேரும் அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுத்திருந்தார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. சீக்கிரமே சுவரில் நாலு மணி நேர அட்டவணை வந்துவிட்டது, மெத்தை மட்டும் அதே நடுவில் குழி விழுந்த பழைய மெத்தை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆராய்ச்சியைப் பாதியாக எடுத்துக்கொள்வதற்கு அதைத் தொடாமலே இருந்திருக்கலாம்.

மெத்தை விலை கேட்கலாம் என்று லீவு நாளில் ஒரு மருத்துவச் சாமான் கடைக்குப் போனேன். அடர்த்தி எவ்வளவு என்று கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். அலைச்சல்தான் மிச்சம். நீங்கள் போவதானால் அடர்த்தியை எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு கிளம்புங்கள்.

அப்புறம் சார்ட். அதில் நேரத்தை முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள். ஒருநாள் இரவு எட்டு மணிக்கே பார்க்கிறேன், விடிகாலை நாலு மணிக் கட்டத்திலும் டிக் இருக்கிறது! அங்கே வேலை செய்யும் நேப்பாளத் தம்பியிடம் தனியாகக் கேட்டேன். கட்டம் காலியாக இருந்தால் ஏச்சு விழும், மாடி முழுவதற்கும் நாங்கள் இரண்டே பேர், என்ன செய்வது என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படி இருந்தால் உங்களால் செய்ய முடியும் என்று கேட்டதற்கு, பம்பர்ஸ் (டயப்பர்) மாற்றும்போதும் தண்ணீர் கொடுக்கும்போதும் திருப்பிவிடுகிறோம், தனியாக ஒரு சுற்று வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். அச்சடித்த நேரத்தை எடுத்துவிட்டு, திருப்பிய நேரத்தையும் எந்தப் பக்கம் என்பதையும் கையால் எழுதும்படி மாற்றினோம். இரண்டு திருப்பலுக்கு நடுவே இடைவெளி நீண்டால் அது அப்படியே தெரியும், யாரையும் ஏசுவதில்லை. அதன் பிறகுதான் சார்ட்டை நம்பிப் படிக்க முடிந்தது.

பயிற்சிப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோலில் சிவந்த இடத்தைத்தான் காட்டுவார்கள். நம் பாட்டிமார் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. தொட்டுப் பார்க்க வேண்டும்: பக்கத்து இடத்தைவிடச் சூடா, கெட்டியாக இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறார்களா. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ராத்திரி அதே தம்பி என்னைக் கூப்பிட்டு, ஒரு பாட்டியின் இடது குதிகால் சூடாக, கெட்டியாக இருக்கிறது என்று காட்டினார். கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவிட்டோம். தோல் உடையாமலே சரியாகிவிட்டது. அன்று எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

உறவினர்கள் பாசத்தோடு செய்யும் இரண்டு காரியங்களை நிறுத்தவும் போராட வேண்டியிருந்தது. நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை, விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும், வாங்கி வராதீர்கள். கன்றிய இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சதை இன்னும் சேதமாகும்.

குதிகால் விஷயத்தை அந்தப் பாட்டியின் மகளே முதலாளியிடம் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு அபாயம் அதிகமுள்ளவர்கள் இருக்கும் ஒரு அறைக்கு மட்டும் புது ஃபோம் மெத்தை வந்தது, சுவரில் இருந்த அட்டவணையும் இறங்கியது. மற்ற அறைகளுக்கு "பார்க்கலாம்" என்கிறார். அதுவரை அங்கே இரண்டு மணி நேரம்தான், அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.