ஜெல் பிளாஸ்டர்: ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் செய்து பார்த்தவை

அக்காள் மகன்கள் இருவரும் ஜெல் பிளாஸ்டர் என்னும் விளையாட்டுத் துப்பாக்கியை வாங்கித் தரும்படி கேட்டபோது, எடுத்த எடுப்பில் மறுப்பதைவிட, அதைச் சுட்டும் அளந்தும் பார்த்து, ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பின் முடிவெடுக்கலாம் என்று தோன்றியது. இருவரும், அவர்களோடு விளையாட வரும் நண்பர்களும், 14 வயதைக் கடந்தவர்கள். பெரும்பாலான பெட்டிகளில் அச்சிடப்பட்டிருக்கும் வயது வரம்பும் அதுவே. சுடும் நேரத்தில் எல்லாருமே விழிப்பாக இருக்கிறார்கள் என்பதும், ஆட்டம் தொடங்கும் முன்பும் இடையில் நிற்கும்போதும் முடிந்த பிறகும் கவனம் நழுவுகிறது என்பதும் செய்து பார்த்ததில் எனக்குத் தெளிவாயின. இக்குறிப்புகளில் பெரும்பகுதி அந்த நேரங்களைப் பற்றியதே.

கருவியின் அமைப்பு எளிமையானது. மின்கலத்தில் ஓடும் சிறிய மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்ற, அவை சுருள்வில் பொருத்திய பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடுகின்றன. முன்னே பாயும் பிஸ்டன் தள்ளும் காற்று, நீரில் ஊறிய ஜெல் மணியைக் குழல் வழியே வெளியேற்றுகிறது. நண்பர் ஒருவரிடமிருந்து வேகமானியை இரவல் வாங்கி அளந்தபோது, எங்கள் கருவியில் மணிகள் வினாடிக்கு 50 முதல் 60 மீட்டர் வேகத்தில் வெளிவந்தன. 7.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஊறிய மணி ஏறத்தாழ 0.2 கிராம் இருக்கும். வினாடிக்கு 55 மீட்டர் என்று கொண்டால், அதன் ஆற்றல் 0.3 ஜூல். உடையின் மேல் பட்டால் சுருக்கென்று ஒரு தட்டு, வெறும் தோலில் மிக அருகிலிருந்து பட்டால் சிவந்த தடிப்பு என்ற அளவில் முடிந்துவிடும் ஆற்றல்தான் அது. ஆனால் அதே 0.3 ஜூல் கண்ணில் பட்டால் கதை வேறு.

கண்குழியின் வாய் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமும் 35 மில்லிமீட்டர் உயரமும் உடையது. பெரிய பந்து ஒன்று முகத்தில் மோதும்போது, புருவத்திலும் கன்னத்திலும் உள்ள எலும்பு விளிம்பு அடியின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். எட்டு மில்லிமீட்டர்கூட இல்லாத மணிக்கு அந்த விளிம்பு தடையே அல்ல. அது நேரே விழியில் போய் மோதும். கண்ணின் முன்னறையில் இரத்தம் கட்டுவது, கருவிழிப்படலம் உராய்வது, விழித்திரை பாதிப்பது எல்லாம் இத்தகைய அடிகளால் நேரக்கூடியவை. வலி குறைந்துவிட்டது என்பதால் காயம் ஆறிவிட்டது என்று கொள்ள முடியாது. இரத்தக் கசிவு சில நாள் கழித்துத் திரும்ப வரலாம், கண் அழுத்தம் பின்னர் உயரலாம். ஆகையால், கண்ணில் பட்டால் கசக்காமல், அழுத்தாமல், உடனே மருத்துவமனைக்குப் போவது என்பதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். பார்வை மங்கினாலும் கண்ணில் இரத்தம் தெரிந்தாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

இனிப் பாதுகாப்புக் கண்ணாடி. என் நேரத்தில் பெரும்பங்கை விழுங்கியது இதுதான். கருவியோடு பெட்டியில் வந்த மெல்லிய கண்ணாடியில் எந்தத் தரக் குறியீடும் இல்லை. விரலால் அழுத்தினாலே வளைந்தது. அதை ஒதுக்கிவிட்டு, இஎன் 166 (EN 166) என்ற ஐரோப்பியத் தர நிர்ணயத்தின்படி குறியிட்ட கண்ணாடிகளைத் தேடினேன். அந்தச் சோதனையில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 0.86 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டைக் கண்ணாடியின் மேல் எய்து பார்ப்பார்கள்; வினாடிக்கு 45 மீட்டர் வேகத்தைத் தாங்கினால் ‘எஃப்’ (F) என்றும், 120 மீட்டரைத் தாங்கினால் ‘பி’ (B) என்றும் எழுத்துக் குறி கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ‘எஃப்’ குறிக்கான அடியே 0.87 ஜூல், அதாவது எங்கள் மணியின் அடியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அப்படியிருந்தும் ‘பி’ குறியுள்ளதையே தேர்ந்தெடுத்தேன். மூக்குக் கண்ணாடி வடிவில் இருப்பவற்றுக்கு ‘எஃப்’ வரைதான் தருகிறார்கள். முகத்தோடு ஒட்டிச் சுற்றிலும் மூடும் வகைக்குத்தான் ‘பி’ கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மூடல்தான். மறைவிடத்திலிருந்து எட்டிப் பார்ப்பவனின் மேல் மணி பக்கவாட்டிலிருந்தே வருகிறது. கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் இடையில் விரல் நுழையும் சந்து இருந்தால், முன்பக்கம் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன பயன்?

வலைக் கண்ணாடி பனிக்காது என்று பலரும் பரிந்துரைப்பதால் அதையும் சோதித்தேன். வலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வெள்ளைத் தாளை நிறுத்தி, சில அடி தூரத்திலிருந்து சுட்டபோது, மணி வலையில் மோதிச் சிதறியது. தாளிலோ, ஊசி முனையால் தெளித்தது போன்ற ஈரப் புள்ளிகளும், ஒட்டிக்கொண்டு மினுங்கிய ஜெல் துணுக்குகளும் இருந்தன. உடையாத பிளாஸ்டிக் குண்டுக்கு வலை போதுமானதாக இருக்கலாம். உடைவதையே இயல்பாகக் கொண்ட ஜெல் மணிக்கு அது பொருந்தாது. இப்போது கண்ணுக்குப் பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன கண்ணாடியும், வாய்க்கும் பல்லுக்கும் வலை முகமூடியும் என்று பிரித்து வைத்திருக்கிறோம். பாலிகார்பனேட்டின் மேல் அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் படக் கூடாது. ஆழமான கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றிவிட வேண்டும்.

மூடிய கண்ணாடியின் குறை, உள்ளே ஆவி படிவது. இதைச் சிறு தொல்லை என்று ஒதுக்க முடியவில்லை, ஏனெனில் பிள்ளைகள் கண்ணாடியைத் தூக்குவதற்கு முதற்காரணம் இதுதான். ஓடி வியர்த்த முகத்தில் கண்ணாடி மங்கியதும், கை தன்னையறியாமல் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் எதிர்ப் பக்கத்தில் இருப்பவனுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. பாத்திரம் கழுவும் சோப்பை மிக மெல்லியதாகத் தடவித் துடைத்துப் பார்த்தேன். ஓரளவு தாங்கியது, வியர்வை வழிந்ததும் பயனற்றுப் போனது. இடையில் காற்று அடைத்த இரட்டை அடுக்குக் கண்ணாடி நன்றாக வேலை செய்தது. அதைவிட நன்றாக வேலை செய்தது, ஒவ்வொரு சுற்றையும் சில நிமிடங்களிலேயே முடித்துவிடுவது. ஆவி படியும் முன்பே சுற்று முடிந்துவிட்டால் கண்ணாடியைத் தூக்கும் தேவையே எழுவதில்லை.

அடிபட்டு ஆட்டமிழந்தவனும் இதே தவற்றைத்தான் செய்கிறான். “சித்தி, நான்தான் அவுட் ஆயிட்டேனே, இனி எதுக்குக் கண்ணாடி?” என்று இளையவன் கேட்டான். அவன் அவுட் ஆனது, பறந்துகொண்டிருக்கும் மணிக்குத் தெரியாது என்றேன். அதன்பின், கண்ணாடியைக் கழற்ற ஓர் இடத்தை ஒதுக்கினோம்: சுவரால் முழுதும் மறைந்த பகுதி, அங்கே நுழையும்போது துப்பாக்கியிலிருந்து மேகசினை, அதாவது மணிகளை நிரப்பும் கூட்டை, கழற்றியிருக்க வேண்டும். அந்த எல்லைக்கு வெளியே, ஆட்டம் நடந்தாலும் நடக்காவிட்டாலும், கண்ணாடி முகத்தில்தான் இருக்கும். வேடிக்கை பார்ப்பவருக்கும், தண்ணீர் கொண்டு வருபவருக்கும் இதே விதி, எனக்கும்தான்.

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பக் கூடாது. மணிகள் குழலுக்குப் போகும் வழியில் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் குழாய் ஒன்று இருக்கிறது. மேகசின் கைக்கு வந்த பிறகும் சில மணிகள் அதற்குள் தங்கியிருக்கும். மேகசின் இல்லாத துப்பாக்கியைத் தரையை நோக்கிப் பிடித்து விசையை அழுத்திப் பார்த்தோம். வெறும் காற்றொலி கேட்கும் முன் மணிகள் பாய்ந்து வந்தன. குழாயில் மணி சிக்கிக்கொண்டால் குழலின் வாய்க்குள் எட்டிப் பார்ப்பதுதான் எல்லாருக்கும் வரும் முதல் எண்ணம். சிக்கலை எடுப்பதற்கு இப்போது ஒரே வரிசை: மேகசினைக் கழற்றுவது, மின்கலத்தின் இணைப்பைப் பிரிப்பது, பிறகே குழலைத் தொடுவது. கண்ணாடி அப்போதும் முகத்தில் இருக்கும்.

சிக்கல் ஏன் வருகிறது என்று தேடியதில் விஷயம் ஊறவைக்கும் பாத்திரத்தில் போய் நின்றது. மணி காய்ந்த நிலையில் கடுகளவே, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். மூன்று நான்கு மணி நேரம் ஊறினால் 7 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது, அதாவது கன அளவு ஐம்பது மடங்கை நெருங்குகிறது. அரைகுறையாக ஊறிய மணி சிறுத்தும் கெட்டியாகவும் இருப்பதால், ஒரே நேரத்தில் இரண்டாகக் குழலுக்குள் நுழைகிறது, பட்டால் உடையாமல் அடிக்கிறது. கடின நீரில் உள்ள கால்சியம் ஜெல்லின் வலைப்பின்னலை இறுக்கிவிடுவதால் மணி முழு அளவை எட்டுவதில்லை; வடிகட்டிய நீரில் ஊறியவை ஒரே சீராக வந்தன. அளவுக்கு மீறி ஊறியவை குழலுக்குள்ளேயே நசுங்கின. அலங்காரத்துக்கு விற்கும் மணிகளை இதில் போடவே கூடாது. மணிகளை உறையவைத்துச் சுடலாம் என்று நண்பர்களில் ஒருவன் யோசனை சொன்னான். உடைந்து சிதறும் பொருளை உடையாத பனிக்கட்டியாக்குவது, இந்த விளையாட்டில் இருக்கும் ஒரே தணிப்பையும் பறித்துவிடுவதாகும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

வேகத்தைக் கூட்டும் சுருள்வில்லை மாற்றிப் பொருத்துவதற்கும் இதே பதில்தான். வினாடிக்கு 55 மீட்டர் 75 ஆனால், வேகம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கூடுகிறது, ஆற்றலோ 0.3 ஜூலிலிருந்து 0.56 ஜூலுக்கு, இரு மடங்கை நெருங்கிவிடுகிறது. கருவிக்கு உரிய 7.4 வோல்ட் லித்தியம் மின்கலத்துக்குப் பதில் 11.1 வோல்ட் வைத்தால், சுடும் விரைவு கூடிப் பற்சக்கரமும் தேய்கிறது. மின்கலத்தை அதற்குரிய சார்ஜரில் மட்டும், ஆள் அருகில் இருக்கும்போது மட்டும் ஏற்றுகிறோம். உப்பிய மின்கலம் திரும்பப் பயன்பாட்டுக்கு வராது.

ஆட்டம் முடிந்த பிறகு தரையில் கிடக்கும் மணிகளைப் பற்றி நான் முதலில் அதிகம் நினைக்கவில்லை. இப்போது கண்ணாடிக்கு அடுத்தபடியாக இதைத்தான் சொல்வேன். வழவழப்பான தரையில் ஊறிய மணியை மிதித்தால் கால் வழுக்குகிறது. அதைவிட மோசம், பெருக்காமல் விட்டவை காய்ந்து பழையபடி சிறுமணிகளாகி மூலைகளில் ஒளிந்துகொள்வது. காய்ந்த மணியைத் தவழும் குழந்தை விழுங்கினால் அது குடலுக்குள் நீரை உறிஞ்சிப் பெருத்து வழியை அடைத்துவிடக்கூடும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. நீரில் ஊறிப் பெருக்கும் இத்தகைய நீர்மணிகள் தொடர்பாக 2016 முதல் 2022 வரை ஏறத்தாழ 7,800 பேர் அவசர சிகிச்சைக்கு வந்ததாக அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டிருக்கிறது. விழுங்கிய ஐயம் இருந்தாலே, வாந்தியோ வயிற்று வலியோ வரட்டும் என்று காத்திராமல், மணியின் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். காதுக்குள் போனால் நீரோ சொட்டு மருந்தோ விடக் கூடாது, உள்ளேயே பெருத்துவிடும்.

இதனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குள் இந்த விளையாட்டு இல்லை என்று முடிவு செய்தோம். திறந்த வெளியிலும் பெரிய தார்ப்பாயை விரித்து, அதன் மேல்தான் மேகசினை நிரப்புகிறோம். பெரும்பாலான சிந்தல் நிரப்பும்போதே நேர்கிறது. முடிந்ததும் ஈரமாக இருக்கும்போதே கூட்டி அள்ளுவது எளிது. மீந்தவற்றைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டக் கூடாது. உள்ளே தங்கி அடைத்துக்கொள்ளும். உப்புப் போட்டு வைத்தால் நீரை விட்டுச் சுருங்குகின்றன, அதன்பின் இறுகக் கட்டிக் குப்பையில் போடுகிறோம். ஊறாத மணிப் பொட்டலம் பூட்டிய பெட்டியில், உயரத்தில் இருக்கிறது.

வெளியே எடுத்துச் செல்லும்போது துப்பாக்கி பைக்குள்தான் இருக்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது பொம்மையென்று தெரியாமல் போகலாம். பொம்மை என்று காட்டும், முனையிலுள்ள ஆரஞ்சு நிறத்தின் மேல் வண்ணம் பூசுவது வீண் வம்பு. 2022-இல் அமெரிக்காவில், வழிப்போக்கர்கள் மேல் ஜெல் மணிகளைச் சுட்டுக் காணொளி வெளியிடும் பழக்கம் பரவிக் காவல்துறையினர் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2021 பிப்ரவரி 1 முதல், இதைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்றும், தக்க காரணமின்றி உடன் வைத்திருக்கக் கூடாது என்றும் விதியே இருக்கிறது. அவரவர் ஊரின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாங்குவது நல்லது. எங்கள் ஆட்டத்தில் அந்நியர் எவரேனும் எல்லைக்குள் வந்தால், யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து’ என்று கத்தலாம். எல்லாக் குழலும் தரையைப் பார்க்கும்.

இன்னும் தீராதது ஒன்று. மூத்தவனின் நண்பன் பார்வைக்குக் கண்ணாடி அணிபவன். அதன் மேலே போடும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியில் இரண்டு அடுக்கிலும் ஆவி படிகிறது, காதோரத்தில் மூடலும் தளர்கிறது. பார்வைக் கண்ணாடிக்கு வெட்டு விட்ட நுரை விளிம்புள்ள வகையை அடுத்துச் சோதிக்க இருக்கிறேன். அதுவரை அவன் சுவருக்கு அப்பாலிருந்து நேரம் பார்த்துச் சுற்றை முடித்துவைக்கிறான்.