கழுத்தே வலிக்காத கழுத்து நோய்

அம்மாவுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது என்றதும் எல்லோரும் கேட்பது, “ரொம்ப வலியா இருந்துச்சா?” என்றுதான். வலியே இல்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் அம்மா அளவுக்கு நெருக்கமாகப் பிச்சிப்பூ கட்ட ஆள் கிடையாது. போன வருஷம் அந்தக் கை தடுமாற ஆரம்பித்தது. முடிச்சு விழுவதற்குள் பூ நழுவியது. ஜாக்கெட் கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட்டாள். அப்புறம் நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அவளுக்குத் தெரியவே தெரியாது. “வயசாச்சுல்லா” என்றாள் சித்தி. நரம்புத் தளர்ச்சி என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கழுத்தை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

மதுரையில் பார்த்த தண்டுவட மருத்துவர், கோளாறு கழுத்தில்தான் என்று ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஊகித்துவிட்டார். அம்மாவின் நடுவிரலைப் பிடித்துக்கொண்டு நக நுனியைச் சட்டென்று சுண்டினார். கட்டைவிரல் தானாக உள்பக்கம் மடங்கியது. இன்னொரு தடவை சுண்டினார், மறுபடி மடங்கியது. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தால் இப்படி மடங்கலாமாம். பிறகு 10 நொடிக்குள் கையை எத்தனை முறை மூடித் திறக்க முடிகிறது என்று எண்ணினார். சாதாரணமாக 20 முறையாவது வர வேண்டுமாம். அம்மாவுக்கு அதில் பாதிகூட வரவில்லை.

எம்.ஆர்.ஐ. படத்தில், கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வும் (டிஸ்க்) தேய்மானத்தில் முளைத்த எலும்பு முனைகளும் சேர்ந்து தண்டுவடத்தையே நசுக்கிக்கொண்டிருந்தன. மைலோபதி என்கிறார்கள். கைக்குப் போகும் நரம்பு மட்டும் நசுங்கினால் தோளிலிருந்து விரல் வரை சுளீரென்று வலிக்கும். அதில் பெரும்பாலானவை மருந்திலும் பிசியோதெரபியிலுமே அடங்கிவிடும். தண்டுவடம் நசுங்கினால் வலி இல்லாமலேகூடக் கையும் காலும் மெல்ல மெல்லக் கெடும். அந்த நெருக்கலை மாத்திரையால் எடுக்க முடியாது. “இருக்கிறதைக் காப்பாத்தத்தான் ஆபரேஷன். போனது திரும்பி வந்தா லாபம்” என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது. தேதி வரும்வரை சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுக்கவே கூடாது, வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் கண்டித்துச் சொன்னார். இப்படி நசுங்கிய கழுத்தில் ஒரு சின்ன அடி பட்டாலே கை கால் விழுந்துவிடலாமாம்.

கழுத்து எலும்புக்குப் பின்பக்கம்தானே வெட்டுவார்கள் என்று நினைத்திருந்தோம். இல்லை, முன்பக்கம். தொண்டையில் இயல்பாக இருக்கும் மடிப்பை ஒட்டி ஒரு சிறிய கீறல். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமாகவும் பெரிய ரத்தக்குழாயை மறுபக்கமாகவும் ஒதுக்கினால் எலும்புக்கு வழி கிடைத்துவிடுகிறது. 1958-லேயே அமெரிக்காவில் ஸ்மித், ராபின்சன் என்ற மருத்துவர்கள் எழுதிவைத்த வழி இது. இப்போது மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறது. கெட்ட ஜவ்வை முழுக்க எடுத்து, எலும்பு முனைகளைத் தேய்த்து, அந்த இடைவெளியில் இரண்டு எலும்பையும் தாங்கிப் பிடிக்க ஒரு சிறு கூண்டு வைத்து, மேலே டைட்டானியம் தகடும் திருகும் போட்டார்கள். தலையிலும் கை கால்களிலும் ஒயர்கள் பொருத்தித் தண்டுவடத்தின் சமிக்ஞையை ஆபரேஷன் முழுக்கக் கவனித்தார்கள். செயற்கை ஜவ்வு வைக்கும் முறையும் இருக்கிறது, ஆனால் இவ்வளவு தேய்ந்த கழுத்துக்கு அது ஒத்துவராது என்றார்கள். பல இடங்களில் நசுங்கியிருந்தால் பின்பக்கமாகப் போய், எலும்பு வளைவைக் கதவு மாதிரி ஒருபக்கம் திறந்து வைத்துவிடுவார்களாம்.

மறுநாளே அம்மாவை நடக்கவிட்டார்கள். விழுங்கத்தான் சிரமப்பட்டாள். கொஞ்ச நாளைக்கு ரசத்தில் ஊறப்போட்ட இட்லியும் கஞ்சியும்தான். குரலும் கரகரத்தது. இதெல்லாம் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பினார்கள், அதனால் பதறவில்லை. இப்போது நடை நிதானமாகிவிட்டது, கொக்கியை அவளே மாட்டிக்கொள்கிறாள். விரல் நுனி மரத்தது மட்டும் போகவில்லை. இன்னும் முன்னாடியே டாக்டரிடம் போயிருந்தால் விரல் நுனி உணர்ச்சியும் மிஞ்சியிருக்குமோ என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இது மாதங்கள் கணக்கில் தேறும் விஷயம், பார்க்கலாம்.

இதைக் கேட்டுவிட்டு இடுப்பு வலிக்காரர்கள் என்னிடம் “அப்போ நானும் ஆபரேஷன் பண்ணிக்கணுமா?” என்கிறார்கள். அது வேறு கதை. இடுப்பில் ஜவ்வு விலகி காலுக்கு இழுக்கும் வலி, பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரம், மூன்று மாதத்தில் தானாகவே குறைந்துவிடுகிறது. பிதுங்கிய ஜவ்வை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அதற்குப் பிறகும் வலி தாங்க முடியாதவர்களுக்குத்தான் மைக்ரோஸ்கோப் வைத்து அந்தத் துண்டை மட்டும் எடுக்கிறார்கள். வெறும் முதுகு வலிக்கு அவசரப்பட்டுக் கத்தி வைக்க யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள். ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் உடனே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.