பழைய வண்டியே போதும்

புது பைக் எதைப் பாத்தாலும் டிஎஃப்டி கலர் ஸ்க்ரீன், ரைட் பை வயர் (கேபிளுக்குப் பதிலா எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர்), நாலு ரைடிங் மோடுன்னு அடுக்கி வச்சிருக்காங்க, ஆனா ஒரு சின்ன சென்சார் போனாலே சில வண்டி நடுரோட்டுல நின்னுடுது, ஸ்கேனர் இல்லாம யாரும் கை வைக்க முடியல. எனக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர் வச்ச பழைய செகண்ட் ஹேண்ட் வண்டிதான் புடிக்கும். ஐட்லிங் நிக்கலையா, அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் என்ஜின் அணைஞ்சுடுதா, கார்புரேட்டர்ல ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடுற பைலட் ஜெட்டைக் கழட்டி அந்த ஊசிமுனை ஓட்டையை க்ளீனர் அடிச்சு ஊதி, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து மாட்டுனா பெரும்பாலும் சரியாயிடும், ஸ்பார்க் ப்ளக் முனை கரி புடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, வண்டியே சொல்லிடும். பிரேக் அடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ் மட்டும் வேற விஷயம், 1988ல பிஎம்டபிள்யூ கே100 பைக்ல வந்தது, அதைக் குறை சொல்லவே மாட்டேன். பழசு வாங்கப் போனா பெயிண்ட் பளபளப்பைப் பாக்காதீங்க, என்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, சைலன்சர்ல நீலப் புகை வந்துட்டே இருந்தா அந்த வண்டி வேணாம்.