பிள்ளை என்னும் சொல்

செட்டிநாட்டில் பேறு நடந்த வீட்டுக்குச் செய்தி கேட்டு வருகிறவர்கள், வளவைத் தாண்டு முன்பே "என்ன பிள்ளை?" என்றுதான் விசாரிப்பார்கள். குழந்தை என்ற சொல் அழைப்பிதழோடு நின்றுவிடும். பேச்சில், பிறந்த அன்றிலிருந்து அது பிள்ளைதான். சூல் கொண்டவள் பிள்ளைத்தாய்ச்சி, பெற்றெழுந்தவள் பச்சை உடம்புக்காரி, மடியில் கிடப்பது பச்சைப்பிள்ளை. இந்தப் பச்சை நிறத்தைக் குறிப்பதன்று. பச்சைப் பால், பச்சை மண் என்கிறோமே, அந்தப் பச்சை. மருத்துவமனைப் பலகையில் எழுதியிருக்கும் பச்சிளங்குழந்தையிலும் அதுவே இருக்கிறது. மருத்துவர்கள் பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் சிசுவைத்தான் அப்படிக் கணக்கிடுகிறார்கள். வீட்டில் அந்த வரம்பு செல்லாது. ஐந்து வயதுப் பேரன் பீங்கான் தட்டைப் போட்டு உடைத்தாலும், "பச்சப்புள்ள, அவனுக்கென்ன தெரியும்" என்று ஆயா பரிந்துகொண்டு வருவார்.

இத்தனைக்கும் பழைய இலக்கணத்தில் இச்சொல் மனிதருக்கு உரியதாகவே இல்லை. தொல்காப்பியத்தின் மரபியல், மக்களின் இளமைக்குக் குழவி, மகவு என்ற இரண்டை மட்டுமே தந்துவிட்டு, பிள்ளையைப் பறப்பனவற்றுக்கும் தவழ்வனவற்றுக்கும் ஓரறிவுயிரான மரம் செடிகளுக்கும் ஒதுக்குகிறது. கிளிப்பிள்ளையும் தென்னம்பிள்ளையும் இன்றும் அந்த வழக்கைச் சுமந்து நிற்க, விதி அனுமதித்த மகவு பேச்சிலிருந்து மறைந்துபோயிற்று. விலக்கப்பட்ட பிள்ளையோ, மரியாதை விகுதி சேர்ந்து, செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்றான பிள்ளையார்பட்டியின் பெயரிலேயே அமர்ந்துவிட்டது.

இப்போது பெயர் சூட்டும் அழைப்பிதழ்களில் "எங்கள் மழலை" என்று அச்சிடுகிறார்கள். மழலை என்பது முதலில் திருந்தாத பேச்சுக்குப் பெயர். அழ மட்டுமே தெரிந்த சிசுவுக்கு அது பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

பிள்ளையின் முழு வீச்சையும் காட்டுவது இங்குள்ள தத்து வழக்கம்தான். வாரிசு இல்லாத நகரத்தார் வீட்டில் தத்து எடுப்பதைப் "பிள்ளை கூட்டுதல்" என்பார்கள். கூட்டி வரப்படுபவர் கைக்குழந்தையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வளர்ந்த இளைஞராகவும், மணமானவராகவும்கூட இருக்கலாம். மீசை வைத்த அவரையும், "இவுகதான் கூட்டிக்கிட்ட பிள்ளை" என்று உறவினருக்கு அறிமுகப்படுத்துவார்கள்.