கூத்து வாத்தியாரிடம் ஒரு கோடை

சினிமாவில் நடிக்கவேண்டும் என்று சென்னையில் ஆடிஷன் ஆடிஷனாக ஏறி இறங்குகிறவர்களுக்கு ஏப்ரல் பிறந்தாலே விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். கோடைகாலச் சிறப்புப் பயிற்சி, கேமரா முன் நடிப்பு, முடிவில் ஒரு ஷோரீல். கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும். அதில் பாதிகூட ஆகாத ஒரு பயிற்சிக்குத்தான் நான் போனேன். செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமம், மே மாதம், தெருக்கூத்து முகாம். எப்படி இருந்தது, போகலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

கூத்துக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் எல்லோரும் கேட்பது. பழைய சம்பந்தம்தான். அதே செய்யாறு வட்டாரத்துப் புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தில் ஈர்க்கப்பட்டவர் ந. முத்துசாமி. அவர் 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவில் தம்பிரானே கற்றுக்கொடுத்திருக்கிறார். பசுபதியும் குரு சோமசுந்தரமும் அங்கிருந்து வந்தவர்கள். நாம் பட்டறைக்குப் போகாமல் அதன் ஊற்றுக்கே போய்ப் பார்க்கலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

போனதும் முதலில் புரிந்தது நேரக் கணக்கு. பங்குனியிலிருந்து ஆடி வரை அந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நமக்கு விடுமுறை கிடைக்கிற அதே மாதங்களில்தான் கூத்துக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. எங்கள் வாத்தியார் ராத்திரி முழுக்க எங்கோ ஓர் ஊரில் ஆடிவிட்டுக் காலையில் அரிதாரம் சரியாகப் போகாத முகத்தோடு வந்து இறங்குவார். ஒரு சொம்பு கூழைக் குடித்துவிட்டு, நாங்கள் அடவு, அதாவது தாளத்துக்கு ஆடும் அடிகளைப் போடுவதைத் திண்ணையில் சாய்ந்தபடி பார்ப்பார். கண் மூடியிருக்கும். ஆனால் தாளம் தப்பினால் மட்டும் உடனே திறக்கும். அதனால் காலையில் அடவு, அவர் தூங்கி எழுந்தபின் மாலையில் பாட்டும் வசனமும். நடுவில் கத்திரி வெயில். அப்போது தூங்குவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது.

அடவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கால் கொப்பளிக்கும், தொடை இறுகும், மாடிப்படி இல்லாத ஊராக இருந்ததற்கு நன்றி சொல்வீர்கள். சுற்றி ஆடும் கிறிக்கியில் தலை கிறங்கிக் கீழே உட்காராதவர் எங்களில் யாரும் இல்லை. முழங்காலில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

குரல்தான் விஷயம். ஆர்மோனியத்தில் நான்கு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி வைப்பார்கள். சாதாரண ஆண் குரலுக்கு அது ஆகாத உயரம். அதில் பாடிக்கொண்டே ஆட வேண்டும், ஆடி முடித்த மூச்சிலேயே வசனம் பேச வேண்டும். குறும்படங்களில் சட்டையில் சொருகிய மைக்கை நம்பி முணுமுணுத்துப் பழகிய எங்களுக்கு முதல் வாரத்திலேயே தொண்டை கட்டிவிட்டது. வாத்தியார் ஒன்றும் பதறவில்லை. "தம்பி, முன்னாடி நாற்காலில உக்காந்துங்கிறவனுக்குப் பாடாத. கடைசில பாய் போட்டுப் படுத்துங்கிறான் பாரு, அவனுக்குப் பாடு" என்றார். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடு என்று எத்தனையோ பட்டறைகளில் கேட்டிருக்கிறேன். படுத்திருக்கும் ஒருவனை எழுப்ப வேண்டும் என்று நினைத்துப் பாடியபோது மூச்சு தானாகவே கீழே இறங்கிப் போய் நின்றது.

அடுத்தது திரைப் பிரவேசம். நான் அங்கே கற்றவற்றில் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று திரை விருத்தம் பாடுவார். கூட்டத்துக்குத் தெரிவது திரைக்கு மேலே கிரீடம், கீழே சலங்கை கட்டிய கால், அவ்வளவுதான். முகம் தெரிவதற்கு முன்பே துரியோதனன் வந்துவிட வேண்டும். சினிமா ஆசையில் வந்த எங்கள் எல்லோருக்கும் நடிப்பு என்றால் முகம்தான். கண்ணாடி முன்னால் கண்ணைச் சிவக்க வைத்துப் பழகியவர்கள் நாங்கள். அந்த முகத்தை ஒரு துணி மறைத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலோருக்கு ஒன்றும் இல்லை. காலை எப்படி ஊன்றுகிறோம், எந்தச் சொல்லில் நிறுத்துகிறோம், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறோம் என்று ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டியிருந்தது. திரையை விலக்கியபின் முகத்துக்குச் செய்ய அதிக வேலை இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கட்டியக்காரன் வேஷத்தை நகைச்சுவைப் பாத்திரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர்தான் கூத்தின் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர். வருகிற ராஜாவை யார் எவர் என்று விசாரித்துக் கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துவார், பக்கத்து ஊர் ரேஷன் கடையைக் கிண்டலடிப்பார், யாராவது அன்பளிப்பு கொடுத்தால் கதையை நிறுத்திப் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு, விட்ட இடத்திலேயே கதையைப் பிடித்துக்கொள்வார். இம்ப்ரோவைசேஷன் என்று நகரத்தில் தனி வகுப்பு நடத்துகிறார்களே, அதை விடிய விடிய, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கூட்டத்தை வைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

நடுவில் ஒரு நாள் பக்கத்து ஊர்ப் படுகளத்துக்கு எங்களைக் கூட்டிப் போனார்கள். பதினெட்டாம் போர் முடிகிற காலை. மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடக்கிறான். இரவெல்லாம் ஆடிய பீமனும் துரியோதனனும் வெயிலில் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள். தொடை பிளந்ததும் அந்தச் சிவப்பை எடுத்துத் திரௌபதியின் கூந்தலை முடிகிறார்கள். சாயங்காலம் தீமிதி. பார்க்கிறவர்களில் யாரும் இதை நாடகம் என்று நினைப்பதாகத் தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. இதைப் பார்க்காமல் முகாமை மட்டும் முடித்துத் திரும்புவதாக இருந்தால் போகவே வேண்டாம் என்பேன்.

கடைசியில் நாங்கள் ஆடியது துகிலுரிதல். எனக்குக் கிடைத்தது விகர்ணன், சபையில் நியாயம் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறவன். துச்சாதனன் வேஷம் எங்களோடு கற்ற ஒரு பெண்ணுக்கு, திரௌபதி ஒரு பையனுக்கு. பரம்பரையாக ஆண்களே ஆடிவந்த கலையில் இது எடுபடுமா என்று எங்களுக்குத்தான் தயக்கம். வாத்தியார் "தாளம் நிக்குதா? அப்புறம் என்ன" என்று முடித்துவிட்டார். சேலையில் கை வைப்பதற்கு முன் துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பது வழக்கம். அந்தப் பெண் அதைச் செய்தபோது எல்லோரும் எழுந்து நின்றார்கள். அடுத்த நொடி கும்பிட்ட கையாலேயே சேலையை இழுக்க வேண்டும். எழுந்து நின்ற அதே கூட்டம் திட்டத் தொடங்கியது. பாத்திரமாகவே மாறிவிடு என்று சொல்லித் தருகிறார்களே, அதற்கு இங்கே அவசியமே இல்லை. நான் வேறு, வேஷம் வேறு என்று கூட்டத்தின் முன்பே சொல்லிவிட்டு வேஷத்துக்குள் போகிறார்கள். அதனால் ஆட்டம் குறைவதில்லை.

சரி, ஆடிஷனுக்கு உதவுகிறதா? நேரடியாக இல்லை. திரும்பி வந்து முதலில் போன இடத்தில் "சார், கொஞ்சம் கம்மியா" என்று மூன்று நான்கு தடவை சொன்னார்கள். குளோசப்பில் கூத்து எடுபடாது. அளவைக் குறைக்கத் தனியாகப் பழக வேண்டும், அதற்கு நகரத்துக் கேமரா வகுப்புகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறைக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? முன்பெல்லாம் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள், கொடுக்க என்னிடம் இருக்காது.

போகிறவர்களுக்கு: பருத்தி வேட்டியும் கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் வழியாகச் செய்யாறு, அங்கிருந்து டவுன் பஸ். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். கேழ்வரகுக் கூழ் பிடிக்காவிட்டாலும் அங்கே பிடித்துவிடும். அடுத்த கோடையிலும் போகிறேன். கட்டியக்காரன் கற்றுக்கொடுங்கள் என்று வாத்தியாருக்குப் போன் செய்தேன். "மொதல்ல கிறிக்கி சுத்தி உழாம நில்லு, பார்க்கலாம்" என்றிருக்கிறார்.